ஒருவனுக்கு ஒருத்தி : நாவிலா, வாழ்விலா?

பன்மணம் என்பது ஓர் ஆடவன் பல மகளிரையோ, ஒரு பெண் பல ஆடவரையோ ஒரே காலத்தில் மணந்து வாழும் வாழ்க்கையாகும். இதனை ஒரு நாடு அறம் என்றது. மற்றொரு நாடு குற்றம் என்றது. வேறொரு நாடு நேற்று அறமென்று போற்றியதை இன்று குற்றமென்று தள்ளியது. தமிழகத்தின் நிலையோ இம்மூன்றிலும் வேறானது. தமிழகம் நாவால் 'ஒருவனுக்கு ஒருத்தி' என்கிறது. கண்ணால் இரண்டாம் வீட்டைக் காண்கிறது. கையால் அவ்வீட்டிற்குரியவனுக்கு மேடையேற்றி மாலை சூட்டுகிறது. நாவும் கையும் இவ்வாறு முரணி நிற்க, இடையில் நசுங்குபவள் பெண். முதல் மனைவியும் நசுங்குகிறாள். இரண்டாவதாக வந்தவளும் நசுங்குகிறாள். நசுங்காதவன் அவன் ஒருவனே. இந்நிலை எங்ஙனம் உண்டாயிற்று, எங்ஙனம் மாறும் என்பன தமிழறிந்தார் யாவரும் எண்ணித் தீர்க்க வேண்டிய வினாக்கள்.

சொல்லே சான்று

ஒரு குமுகத்தின் உள்ளக்கிடக்கையை அறிய விழைவார் முதற்கண் அதன் சொற்களை ஆய்தல் வேண்டும். மறைக்க முனைவதையும் மொழி மறைப்பதில்லை. ஒரு கணவனைப் பகிர்ந்துகொண்ட இருபெண்டிருள் ஒருத்திக்கு மற்றொருத்தி 'சக்களத்தி'. இச்சொல்லுக்கு இணையான ஆண்பாற்சொல் நாட்டு வழக்கில் உண்டா? இல்லை. பொருள் இல்லாத இடத்தில் சொல்லும் இல்லை.

இனி, மணமான ஆடவன் வேறொருத்தியை வைத்து வாழ்ந்தால் ஊர் அதனைச் 'சின்ன வீடு' என்கிறது. உயிரும் உணர்வுமுடைய ஒருத்தி அங்கே கட்டடமாகிவிடுகிறாள். 'வைப்பு' என்றும் 'வைப்பாட்டி' என்றும் சொல்கிறது. பெட்டியிற் பொருளை வைப்பதும் பெண்ணை வைப்பதும் ஒரே வினையாகிவிட்டன. அதே செயலை ஒரு மனைவி செய்தால் அவ்வாடவனுக்கு ஊர் சூட்டும் பெயர் 'கள்ளப் புருசன்'. ஆண் செய்தால் 'சின்ன'. பெண் செய்தால் 'கள்ள'! இவ்விரண்டு அடைமொழிகட்கும் இடைப்பட்ட தொலைவே தமிழ்க் குமுகத்தின் நடுநிலை தவறிய தொலைவு.

கற்பு என்னும் சொல்லின் வரலாறும் ஈதே. தொல்காப்பியர் களவியலை அடுத்துக் கற்பியலை வகுத்தார். ஆண்டுக் கற்பு என்பது மணந்த பின்னர் வாழும் இல்லற ஒழுக்கம் முழுமைக்கும் பெயர். அவ்வாழ்வு இருவர்க்கும் உரியது. பிற்காலத்தார் அதனைச் சுருக்கிச் சுருக்கிப் பெண்ணின் உடம்பிற் கொண்டுபோய்ப் பூட்டினர். திறவுகோலை ஆணின் கையிற் கொடுத்தனர்.

முன்னோர் செயல் முறைமையாகுமா?

பன்மணத்திற்குப் பரிந்துரைப்போர் முதலில் எடுத்துக்காட்டுவது பழந்தமிழ் இலக்கியத்தை. மருதத்திணைப் பாடல்களிற் பரத்தையிற் பிரிவு உண்டு. பேரரசன் இராசராசனுக்குத் தேவியர் பலர் என்பதைத் தஞ்சைக் கல்வெட்டுகளே கூறும். மணநூல் எனப் பெயர்பெற்ற சீவக சிந்தாமணியின் தலைவன் மகளிர் எண்மரை மணக்கிறான். முருகனுக்கே வள்ளியும் தெய்வயானையுமாக இருவர் என்பர். இவையெல்லாம் உண்மையே. ஆயின் ஒன்று நடந்தது என்பதற்குச் சான்று வேறு. நடந்தது நன்று என்பதற்குச் சான்று வேறு. ஊரிற் களவு நடந்ததென்று நூல் எழுதியவன் களவுக்கு இசைந்தவன் ஆகான்.

மருதத்திணையின் உரிப்பொருள் ஊடல். பரத்தையிடம் சென்று மீள்பவனை வாயிலில் தடுத்து நிறுத்தும் தலைவியின் சினமும் துயருமே அத்திணையின் உயிர். அச்செயல் பிழையற்றதாயின் ஊடல் எதற்கு? தோழியும் பாணனும் தூது நிற்பது எதற்கு? பரிபாடலும் முருகன் கதையைப் பாடுமிடத்து, இருபெண்டிர்க்கும் அவர்தம் தோழியர்க்கும் மூண்ட பூசலைப் பாடாமல் விடவில்லை. கடவுளுக்கு ஏற்றிச் சொல்லிய போதும் பூசலில்லாத இருமணத்தைத் தமிழ்ப் புலவரால் எண்ணிப் பார்க்க முடியவில்லை என்க.

இவையெல்லாவற்றினும் சிறந்த சான்று புறநானூற்றில் உளது. மயிலுக்குப் போர்வை ஈந்த வள்ளலென்று உலகம் புகழும் பேகன், தன் மனைவி கண்ணகியைத் துறந்து வேறொருத்தியிடம் வாழ்ந்தான். (இவள் சிலம்பின் கண்ணகி அல்லள்.) அவன் பரிசில் கொடுப்பவன், புலவர் பரிசில் பெறுபவர். வாயை மூடிக்கொண்டு பொருளை வாங்கிச் செல்வது எளிது. ஆயினும் கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் என்னும் நால்வரும் அவன் வாயிலில் நின்று, அழுது நிற்கும் அவளைச் சுட்டி, அவளிடம் மீண்டு செல்லுமாறு பாடினர். பொன்னும் பொருளும் வேண்டா, நீ அவளிடம் செல்வதே யான் வேண்டும் பரிசில் என்னும் கருத்தமைய அரிசில்கிழார் பாடினார். இந்நிகழ்ச்சியைப் பற்றிய பாடல்கள் புறநானூற்றில் 143 முதல் 147 வரை ஐந்து. ஒரு மனைவியின் கண்ணீருக்காகப் புலவர் நால்வர் வேந்தன் முன் நின்ற நாடு இது. இன்றோ இரண்டு குடும்பத்தானின் மணிவிழாவுக்கு வாழ்த்துப்பா எழுதப் பாவலர் வரிசையில் நிற்கின்றனர். முன்னோரைக் காட்டி வாழ விரும்புவோர், பேகனை மட்டும் காட்டிக் கபிலரை மறைப்பது எந்த முறைமை?

கோவலன் கதையும் அற்றே. மாதவியிடம் சென்றவன் பொருள் அனைத்தையும் இழந்து மீண்டான். சிலம்பு விற்கச் சென்று உயிரும் இழந்தான். மாதவியும் வாழவில்லை; மகள் மணிமேகலையோடு துறவு பூண்டாள். அவன் ஒருவன் தவற்றிற்கு மூவர் வாழ்வு விலையாயிற்று. வள்ளுவரோ பிறனில் விழையாமைக்கு ஓரதிகாரமும் வரைவின் மகளிர்க்கு ஓரதிகாரமும் வகுத்து, இருபாலும் ஆடவனையே இடித்துரைத்தார்.

அறநூலின் பெயரால்

பெண்ணை மாற்றிக்கொள்ளும் பொருளாக்கிச் சட்டம் வகுத்த நூல்களும் இந்நிலப்பரப்பில் தோன்றின. மனுநூலின் ஒன்பதாம் பகுதி, மகப்பேறு இல்லாதவளை எட்டாம் ஆண்டிலும், பிறந்த குழவிகள் இறக்கப் பெறுபவளைப் பத்தாம் ஆண்டிலும், பெண்மகவே பெறுபவளைப் பதினோராம் ஆண்டிலும் விடுத்து வேறொருத்தியைக் கொள்ளலாம் என்கிறது. கடுஞ்சொல் கூறுபவளையோ உடனே விலக்கலாமாம்! கணவனின் குறைக்கு ஆண்டுக்கணக்கு உண்டா? கடுஞ்சொல் கூறும் கணவனை அன்றே விலக்கும் உரிமை மனைவிக்கு உண்டா? இல்லை. இந்நூல் வாழ்வின் சட்டமாக நின்ற இடத்தில் விளைந்தது யாது? வங்கத்துக் குலீனப் பார்ப்பனர் குலவுயர்வின் பெயரால் பத்துக்கணக்கில் மணந்தனர். ஐம்பதைத் தாண்டியவரும் இருந்தனர். மணந்தவளைப் பிறந்தகத்திலேயே விட்டுச் சென்று, ஆண்டுக்கொருமுறை வந்து பொருள் பெற்றுச் செல்வது அவர்க்குப் பிழைப்பாயிற்று. அக்குலத்திலேயே பிறந்த ஈசுவரசந்திர வித்தியாசாகர், 1871-ஆம் ஆண்டிலும் 1873-ஆம் ஆண்டிலும் இவ்வழக்கத்தை எதிர்த்து நூல்கள் எழுதினார்; ஊர்தோறும் கணக்கெடுத்துப் பட்டியலும் இட்டார். வடமொழி கற்ற அவர் அந்நூல்களைக் கொண்டே அக்கொடுமையைச் சாடினார். ஆயினும் அன்றைய ஆங்கில அரசு சட்டம் இயற்றவில்லை.

குற்றம் வடபுலத்தார்க்கு மட்டும் உரியதென்று தமிழர் கைகழுவவும் இயலாது. அக்காள் வயிறு வாய்க்கவில்லை என்று தங்கையையும் கட்டிக்கொடுத்த ஊர்கள் தமிழகத்தில் எத்தனை! பிள்ளையின்மைக்குக் கணவனும் ஏதுவாகலாம் என்பதை மருத்துவம் தெளிவாகக் காட்டிவிட்டது. ஆயினும் ஆய்வுக்குச் செல்பவள் மனைவி. பழி சுமப்பவள் மனைவி. மணையில் இருந்து இறக்கப்படுபவளும் மனைவியே. நிலக்கிழாரின் பெருமைக்கு அடையாளமாக இரண்டாம் வீடு நின்றதும், அவ்வீட்டிற்கென்றே ஒரு குலத்துப் பெண்டிர் பொட்டுக்கட்டி விடப்பட்டதும் இம்மண்ணில்தான். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் அக்குலத்தின் உள்ளிருந்தே அக்கொடுமையை எதிர்த்தெழுந்தார்; மருத்துவர் முத்துலட்சுமி அம்மையார் சட்டமன்றத்திற் போராடினார். 1947-இல் பொட்டுக்கட்டும் வழக்கம் சென்னை மாகாணத்திற் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

பிறநாடுகள் கண்ட வழி

அமெரிக்க நாட்டு யூட்டாவில் மோர்மன் சமயத்தார் 1852-இல் பன்மணத்தைத் தம் சமயக் கொள்கையென வெளிப்படையாக அறிவித்தனர். அவர்தம் தலைவர் பிரிகாம் யங் ஐம்பதுக்கும் மேற்பட்ட மகளிரை மணந்தவர். 1856-இல் குடியரசுக் கட்சியார் தம் கொள்கையறிக்கையில், அடிமைமுறையையும் பன்மணத்தையும் ஒருசேர வைத்துக் காட்டுவிலங்காண்டித்தனத்தின் இருபெரும் எச்சங்கள் என்று கண்டித்தனர். 1862-இல் இலிங்கன் கையொப்பமிட்ட சட்டம் பன்மணத்தைக் குற்றமாக்கியது. சமய உரிமை என்று வழக்காடிய போது அந்நாட்டு உச்சமுறைமன்றம் 1879-இல், நம்பிக்கைக்கு உரிமையுண்டு, அதன் பெயரால் எதையும் செய்வதற்கு உரிமையில்லை என்று தீர்ப்புரைத்தது. 1887-ஆம் ஆண்டுச் சட்டம் அச்சமய நிறுவனத்தின் உடைமைகளைக் கைப்பற்ற வழிசெய்தது. யூட்டாப் பெண்டிர் 1870 முதல் பெற்றிருந்த வாக்குரிமையையும் பறித்தது. கணவன்மார் செய்த குற்றத்திற்குத் தண்டம் மனைவியர்க்கு! 1890-இல் அச்சமயத் தலைமை பன்மணத்தைக் கைவிட்டது. 1896-இல் யூட்டா ஒரு மாநிலமாயிற்று. பிரிந்து சென்ற சிறு குழுவினரோ இன்றும் மறைவில் அதனைத் தொடர்கின்றனர். கேடுற்றவர் அஞ்சி முறையிடாமை கண்டு, வயதுவந்தோர் மனமொத்து வாழும் பன்மணத்தை 2020-இல் யூட்டா சிறுகுற்றமாகக் குறைத்தது; வஞ்சித்தும் வற்புறுத்தியும் மணப்பதைப் பெருங்குற்றமாகவே நிறுத்தியது.

முசுலிம் நாடுகளின் வரலாறும் ஒருபடித்தன்று. குரான் நால்வர் என்று எல்லை வகுத்து, அவரிடை நடுநிலை இயலாதெனின் ஒருத்தியோடு அமைக என்றது. விரும்பினும் அந்நடுநிலை இயலாதென்றும் பிறிதோரிடத்துக் கூறியது. இவ்விரண்டையும் சேர்த்துப் பொருள்கண்ட தூனிசியா, 1956-இல் பன்மணத்தை முற்றுமாக விலக்கியது. துருக்கி அதற்கு முன்னரே 1926-இல் விலக்கியது. பாக்கித்தான் 1961-இல் இரண்டாம் மணத்திற்கு நடுவர் குழுவின் இசைவு வேண்டும் என்றது. எனவே முசுலிம்கள் என்றாலே பன்மணத்தார் என்று பழிப்பது வரலாறறியார் கூற்று.

ஆப்பிரிக்காவில் வேறொரு வழி. தென்னாப்பிரிக்கா 1998-ஆம் ஆண்டுச் சட்டத்தால் மரபுவழிப் பன்மணத்தை ஏற்று, அடுத்த மணம் செய்ய விழைபவன் உடைமைப் பங்கீட்டு ஒப்பந்தத்தை முறைமன்றத்தில் முன்வைத்து ஒப்புதல் பெற வேண்டும் என்றது. கெனியா 2014-இல் பன்மணத்தைச் சட்டமாக்கிய போது, முன்னைய மனைவியின் இசைவு வேண்டும் என்னும் விதியை ஆண் உறுப்பினர் நீக்கினர். பெண் உறுப்பினர் சினந்து மன்றத்தை விட்டு வெளியேறினர். கேட்கவும் அஞ்சும் இசைவைத் தேவையில்லை என்றவர், பன்மணம் மனைவியின் விருப்பத்தோடு நடப்பது என்று இனி எவ்வாறு சொல்வர்?

பெண்ணுக்குப் பல கணவர்

பல ஆடவரை மணக்கும் பெண் விடுதலை பெற்றவள் என்று கருதுவாரும் உளர். நீலமலைத் தோடரிடை உடன்பிறந்தார் ஒருத்தியை மணக்கும் வழக்கம் இருந்தது. கருவுற்றவளுக்கு வில்லும் அம்பும் கொடுக்கும் சடங்கைச் செய்தவனே குழவிக்குத் தந்தை எனப்பட்டான். இதனை ஆய்வறிஞர் இரிவர்சு 1906-இல் வெளியிட்ட நூலில் விரிவாகக் காணலாம். பெண்குழவிக் கொலையால் மகளிர் குறைந்தமை இவ்வழக்கோடு பிணைந்திருந்தது. கண்டிச் சிங்களவரிடையும் இவ்வழக்கம் இருந்தது; 1859-ஆம் ஆண்டுச் சட்டம் அதனை விலக்கியது. திபேத்திலும் இமயச் சாரலிலும் உடன்பிறந்தார் ஒருத்தியை மணப்பது நிலம் துண்டுபடாமைக்கு. இமாச்சலத்துச் சிர்மூர் மாவட்டத்தில் 2025-இல் கூட அத்தகைய மணமொன்று வெளிப்படையாக நடந்தது. இங்கும் அவள் விரும்பிப் பலரைத் தேர்ந்தாள் அல்லள். ஆண்களின் நிலத்தைக் கட்டிவைக்கும் கயிறாக அவள் பயன்பட்டாள். பல மனைவியர் முறையில் அவள் உடைமை. பல கணவர் முறையில் அவள் உடைமையின் காவல். இரண்டிலும் அவள் உடையவள் அல்லள்.

சட்டமும் அதன் ஓட்டையும்

சென்னை மாகாணம் 1949-இல் இந்து ஆடவரின் இருமணத்தைத் தடைசெய்தது. 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டம் அதனை நாடு முழுமைக்கும் ஆக்கிற்று. முன்னைய தண்டச் சட்டத்தின் 494-ஆம் பிரிவும், 2024 சூலை முதல் நடைமுறையிலுள்ள வடமொழிப் பெயர் பூண்ட புதுச்சட்டத்தின் 82-ஆம் பிரிவும் ஏழாண்டு வரை சிறை என்கின்றன. முன்மணத்தை மறைத்து மணந்தால் பத்தாண்டு வரை. தாளிற் குறையொன்றும் இல்லை. வாழ்வில்?

2019-21 ஆம் ஆண்டுத் தேசியக் குடும்பநல ஆய்வில், தம் கணவருக்கு வேறு மனைவியும் உண்டென்ற மணமான மகளிர் முசுலிம்களில் நூற்றுக்கு 1.9, இந்துக்களில் 1.3. ஒரு சாரார்க்குச் சட்டம் இசைகிறது, மறுசாரார்க்குச் சிறையென்கிறது. இடைவெளியோ ஒன்றுகூட இல்லை. பிறர் வீட்டு நான்கைச் சுட்டி நகைப்போர் தம் வீட்டு இரண்டை எண்ணுக.

காரணம் ஓட்டை. இருமணக் குற்றத்தை மெய்ப்பிக்க இரண்டாம் மணம் முறைப்படி நடந்ததென்று காட்டல் வேண்டும் என உச்சமுறைமன்றம் 1965-இல் கூறியது. அவ்வழக்கில் தீமுன் வேண்டலும் ஏழடி வைத்தலும் மெய்ப்பிக்கப்படாமையால் குற்றஞ்சாட்டப்பட்டவர் விடுதலை பெற்றார். ஊரறியத் தாலி கட்டியவன், ஓரடி குறைத்து ஆறடி வைத்தான் எனின் தப்பிவிடலாம்! தாலி ஏறியவளோ மனைவியும் ஆகாள். அவளுக்கு வாழ்க்கைப்படி இல்லையென்று 1988-ஆம் ஆண்டுத் தீர்ப்பு கூறியது. முன்மணத்தை மறைத்து வஞ்சிக்கப்பட்டவளுக்கு அப்படி உண்டென்று 2013-ஆம் ஆண்டுத் தீர்ப்பே கூறிற்று.

இவ்வோட்டையைத் தமிழகத்தில் அடைத்தது எது? 1967-இல் அண்ணாவின் அரசு கொண்டுவந்த தன்மதிப்புத் திருமணத் திருத்தம். உற்றார் நண்பர் முன்னிலையில், விளங்கும் மொழியில், ஒருவரையொருவர் ஏற்றதாகக் கூறி, மாலையோ கணையாழியோ மாற்றினாலும் தாலி கட்டினாலும் மணம் நிறைவுறும் என்றது அது. பார்ப்பனச் சடங்கின்றி மணந்தோர் மானம் காக்க வந்த அச்சட்டம், பின்னர் முதல் மனைவிக்கு அரணாயிற்று. தமிழகத்து வழக்கொன்றில் ஏழடி மெய்ப்பிக்கப்படவில்லையென்று கீழ்மன்றம் கணவனை விடுவித்தது. உயர்முறைமன்றமோ, இத்திருத்தத்தின்படி இரண்டாம் மணமும் மணமே, எனவே குற்றமே என்றது. உச்சமுறைமன்றம் 2001-இல் அதனை உறுதிசெய்தது. எளிய தமிழ் மணமே வஞ்சகனைச் சிக்கவைத்தது. ஏழடிச் சடங்கு அவனைத் தப்பவைத்தது. மதம் மாறி மறுமணம் செய்தாலும் முன்மணம் முறியாத வரை குற்றமே என்று 1995-ஆம் ஆண்டுத் தீர்ப்பு கூறியதும் நினைக்கத்தக்கது.

செய்யத் தக்கன

புகலற்ற பெண்டிர்க்குப் பன்மணம் புகல் என்பர் சிலர். புகல்கொடுப்பது நோக்கமாயின் நிலம் கொடுக்கலாம், தொழில் கொடுக்கலாம், கைம்பெண்ணை மணமாகாதவனுக்கு மணமுடிக்கலாம். கட்டில் கொடுத்தால்தான் புகலா? இரக்கத்திற்கு இத்தகைய வாடகை கேட்பவன் இரக்கமுடையவன் அல்லன்.

மனமொத்தார் வாழ்வில் குமுகம் தலையிடுவது ஏன் என்பர் வேறு சிலர். மனமொத்தல் இருவர்க்கு மட்டும் உரியதன்று. முதல் மனைவிக்கும் மனமுண்டு. முன்வாழ்வு கசந்ததாயின் மணமுறிவு என்னும் நேர்வழி உளது. அதனைக் கேளாது மறைவில் மணப்பவன் காதலைக் காப்பவன் அல்லன். தன் வசதியைக் காப்பவன்.

ஆகவே செய்யத்தக்கன இவை. தமிழகத்தில் 2009 நவம்பர் முதல் எல்லா மணங்களையும் பதிவுசெய்தல் கட்டாயம். மகளைப் பெற்றோர் குறிப்புப் பொருத்தம் பார்க்கும் முன் பதிவேட்டைப் பார்க்க வேண்டும். இருமணக் குற்றத்தை மனைவியோ அவள் நெருங்கிய உறவினரோ முறையிட்டாலன்றி மன்றம் கையிலெடாது. எனவே முறையிடும் பெண்ணுக்கு ஊர் துணைநிற்க வேண்டும், 'குடும்பம் கெடும்' என்று வாயடைக்கலாகாது. இரண்டாமவளைத் தூற்றுதல் ஒழிய வேண்டும். அவளும் பெரும்பாலும் வஞ்சிக்கப்பட்டவளே. அவள் பெற்ற பிள்ளைகட்குப் பெற்றோர் உடைமையில் பங்குண்டென்று உச்சமுறைமன்றம் 2023-இல் உறுதிசெய்துள்ளது. பிறப்பைச் சொல்லி அவர்களை இழிப்பவன் குற்றவாளியை விட்டுக் குழவியைத் தண்டிப்பவன். எல்லாவற்றினும் மேலாக, இரண்டு வாழ்வு வாழ்பவனுக்குப் பொதுமேடையில் பெருமை செய்தல் நின்றொழிய வேண்டும். அவன் எக்கட்சியினனாயினும், எத்துணைக் கொடை கொடுப்பினும் அற்றே.

பேகனும் கொடை கொடுத்தவன்தான். அவன் கொடையைப் பெறுவதினும் அவன் மனைவியின் கண்ணீரைத் துடைப்பதே பெரிதென்று நால்வர் சொன்னமையால் தமிழ் தலைநிமிர்ந்தது. இன்றும் ஊர்தோறும் ஒரு கண்ணகி வாயிலில் நிற்கிறாள். அவளுக்காகப் பேசும் நால்வர் அவ்வூரில் உளரா என்பதே வினா. உளராயின் 'ஒருவனுக்கு ஒருத்தி' வாழ்வாகும். இலராயின் அது சுவரெழுத்தாகவே நிற்கும்.